மரியாளிடம் விசாரித்தது

எங்கள் சபையில் உன்னிடம் ஜெபிப்பதில்லை.
விசாரிப்பதில் தப்பில்லை என்று நினைக்கிறேன்,
ஒரே ஊர்க்காரிகள் நாம்.
என் நாசரேத்தில் திருச்செந்தூர் ரயில்
இரண்டு நிமிஷம் நிற்கும்.
தேரியிலிருந்து செம்மண் பறந்து வந்து
காயப்போட்ட சேலையில் உட்காரும்.
உன் நாசரேத்தில் எப்படியோ.

கிப்சனைப் பற்றிச் சபை மலரில் போட வேண்டுமென்று
உபதேசியார் நோட்டோடு வந்தார்.
குளம் உடைந்த மார்கழி இரவில்
லாரி ட்யூப்பில் கயிற்றைக் கட்டி
கீழத்தெருவில் ஒன்பது பேரை இழுத்து வந்தவன்,
மறுபடியும் போனவன்.
அதெல்லாம் அவருக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.
"சின்னதுல எப்படி இருந்தான்னு சொல்லுங்கக்கா.
அப்பவே ஏதும் அடையாளம் இருந்துச்சா?"

அடையாளம்.

ஆழ்வார்திருநகரி படித்துறையில்
முழங்கால் தண்ணீருக்கே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு
மூத்திரம் போனவன் என்றேன்.
உபதேசியார் பேனா மூடியைத் திறக்கவில்லை.
காணிக்கைப் பைக்குள் ஐந்து ரூபாயோடு போன கை
பத்து ரூபாயோடு வெளியே வந்தது என்றேன்.
இருமினார்.
ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை படித்தான் என்றேன்.
"நல்லதா ஏதாவது, அக்கா."

நல்லதுதான் எல்லாம்.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது.
உன்னிடமும் யாராவது வந்திருப்பார்கள்.
கூடத் திரிந்தவர்கள் எல்லாரும் சொல்லி முடித்தபின்
மிச்சத்துக்கு உன் கதவைத் தட்டியிருப்பார்கள்.
தொழுவம், மேய்ப்பர்கள்: நாலு பேர் பார்த்தது, சொல்லிவிட்டாய்.
பண்டிகைக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தது ஒன்று.
அப்புறம் நேராக முப்பது வயசு.
நடுவில் பதினெட்டு வருஷம்
ஞானத்தில் வளர்ந்தான் என்கிற ஒற்றை வரிக்குள்.

பிரசங்கத்தில் காரணம் சொல்வார்கள்,
ரட்சிப்புக்கு வேண்டாததை
ஆவியானவர் எழுதவிடவில்லை என்று.
போன வாரம் வாலிபர் கூட்டத்தில் ஒரு பையன்
அந்த வருஷங்களில் அவர் காஷ்மீரில் இருந்தார் என்று
செல்லைக் காட்டினான்.
காஷ்மீராம்!
பொழுது சாய்ந்தால் சோற்றுக்கு வந்த பிள்ளையை.
தலையெல்லாம் மரத்தூளோடு
இன்றைக்கும் இதே குழம்புதானா என்ற பிள்ளையை.

எனக்கு வேறு சந்தேகம்.
கேட்டார்கள். நீ கொடுக்கவில்லை.

நானும் ஒன்றுதான் கொடுத்தேன், தொலைத்த கதை.
மெஞ்ஞானபுரத்தில் அசனம். கூட்டமான கூட்டம்.
தங்கச்சி பிள்ளைகளோடு வேனில் ஏறியிருப்பான் என்று நான்,
என்னோடு பஸ்ஸில் இருப்பான் என்று அவள்.
திரும்பிப் போய்ச் சேரும்போது விடிந்துவிட்டது.
அண்டா கழுவுகிறவர்கள் நடுவில் உட்கார்ந்து
இத்தனை சோற்றுக்கு உப்பு என்ன கணக்கு என்று
கேட்டுக்கொண்டிருந்தான். ஏழு வயசு.
அடித்தேன்.
அழவில்லை.
"இங்கனதான் இருப்பேன்னு ஒனக்குத் தெரியாதாக்கும்?"

உபதேசியார் வேகவேகமாக எழுதினார்.
அது என் குற்றத்தின் கதை,
அதனால் கொடுக்க முடிந்தது.
உனக்கும் அப்படித்தானே?

மற்றதைக் கேட்காதே.
முதல் சம்பளத்தில் முதலூர் மஸ்கோத்து அல்வா வாங்கி வந்து
பொட்டலத்தைப் பிரிக்காமலே அவன் சொன்னதை
உனக்கும் சொல்ல மாட்டேன்.
சொன்னால் பிரசங்கத்தில் சேர்ந்துவிடும்.
நாலு பிரசங்கம் போனபின்
அதைச் சொன்னவன் வேறு யாரோ ஆகிவிடுவான்,
பற்களெல்லாம் வரிசையாக உள்ளவன்.

மலர் வந்துவிட்டது. முப்பத்தாறாம் பக்கம்.
மேலே அசனம். கீழே வெள்ளம்.
நடுவில் ஒன்றுமில்லாமல் கொஞ்சம் வெள்ளைத்தாள்.
அச்சாபீஸ்காரன் பண்ணின தப்பு என்று
உபதேசியார் ரொம்ப வருத்தப்பட்டார்.
இருக்கட்டும் என்றேன்.

அவர் போனபின் விரலை வைத்துப் பார்த்தேன்.
சரியாக இருந்தது.